வின்ச் என்பது படுத்திருக்கும் லிஃப்ட்

வியாழக்கிழமை, மாலை நாலு மணி

அன்பு, அறிவு, அவசரம் மூன்றிலும் தாய்மாமனையே கொண்டு பிறந்த என் மருமகளுக்கு,

ஆறு மாடிக் கட்டடத்தில் இருபத்தெட்டு வருடம் ஒரு விபத்தும் இல்லாமல் லிஃப்ட் ஓட்டி ஓய்வுபெற்ற உன் மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அத்தை நலம். உன் அம்மா நலம், சிரித்துச் சிரித்து விலா மட்டும் வலிக்கிறதாம். உன் அப்பா முக்கால்வாசி நலம். உன் ஜீப் நலம், அதன் மூக்கில் இருக்கும், கயிறு போட்டு வண்டி இழுக்கும் வின்ச் மிகமிக நலம். ஒரு லாரிக்கு மட்டும் பின்பக்கம் கொஞ்சம் சுகமில்லை. அதைப் பற்றி யாராவது உனக்குக் கண்டபடி சொல்வதற்குள் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். நீயும் அங்கே பயிற்சிப் பட்டறையில் நேரத்துக்குச் சாப்பிட்டு, கிரீஸ் கையால் கண்ணைக் கசக்காமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ வாக்கியத்துக்கு வாக்கியம் "மாமா, ஒரு நிமிஷம், மாமா" என்று குறுக்கே வருவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. கூரியர்காரர் ஆறு மணிக்கு வருகிறார், நாளைக்கே கையில் சேர்த்துவிடுவாராம்.

திங்கட்கிழமை காலை உன் அப்பா பேக்கரியிலிருந்து முழங்கை வரை மாவோடு நேராக நம் வீட்டுக்குள் வந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "லிஃப்ட்டுக்காரரே," என்றார். என் சர்வீசுக்கு அவர் கொடுக்கும் மரியாதை அவ்வளவுதான், நான் பழகிவிட்டேன். "எனக்குக் கொட்டகை வேணும். மாவு மூட்டையெல்லாம் வாசல்ல நிக்குது. உங்க மருமக அந்தத் துருப்புடிச்ச ஜீப்பை உள்ள விட்டுட்டு, இஞ்சினை மட்டும் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டா. இஞ்சின் இல்லாத வண்டிக்கு என்ன பேரு தெரியுமா? இரும்பு. வியாழக்கிழமை காலைல பழைய இரும்புக்காரர் லாரியோட வராரு."

"மச்சான், அவ சனிக்கிழமை வந்துடுவா, இஞ்சினையும் ரெடி பண்ணிக் கொண்டு வரா," என்றேன்.

"வந்து? சேத்துல மாட்டுன வண்டி, பள்ளத்துல விழுந்த வண்டி எல்லாத்தையும் இவ கயிறு போட்டு இழுக்கப் போறாளாம். ஏன், பேக்கரில கல்லாவுல உக்காந்தா ஆகாதா? அந்த வின்ச்சு எட்டு வருஷமா ஒரு சுத்துகூடச் சுத்தலை. அதை நம்பி ஒரு தொழிலு!"

எனக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் அடக்கிக்கொண்டு, "சுத்திக் காட்டினா?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. வியாழக்கிழமை, இரும்புக்காரர் கண் முன்னால, அந்த வண்டி ஒரே ஒரு அடி தானா நகரட்டும். யாரும் தள்ளக் கூடாது. நகர்ந்தா அது வண்டி. நகரலைன்னா இரும்பு." இப்படி நல்ல தீர்ப்பு மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். உன் ஜீப்பின் உயிர் அந்த ஒரு அடியில் நின்றது. உனக்கு உடனே போன் செய்தேன். "மாமா, நீங்க எதையும் தொடாதீங்க. ஒயரிங் படம் போட்டு அத்தைகிட்ட குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன், அத்தை பாத்துப்பாங்க" என்று நீ சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதான மாமனைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பாய். ஆனால் சிரமத்துக்கு அஞ்சுகிறவனா நான்? நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு மேலாளரை மூன்று மணி நேரம் வெறும் பேச்சாலேயே உயிரோடு வைத்திருந்தவன். அன்றே முதல் வேலையாக, இரும்புக்காரர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்து சத்தமில்லாமல் இழுத்துப் போய்விடுவாரோ என்ற முன்யோசனையில், ஜீப்பின் பின்பக்கத்தைக் கொட்டகையின் இரும்புத் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். சாவியை அத்தையிடம் கொடுத்தேன். இந்தச் சங்கிலியை நீ ஞாபகம் வைத்துக்கொள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு வின்ச்சைக் கழற்றி (நானும் அத்தையும் தூக்கினோம், கனம் முழுக்க என் பக்கம்) வீட்டுக்குக் கொண்டுவந்து அத்தையின் தையல் மேசை மேல் வைத்து, ஒரு நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து, அரைமணி நேரம் அதையே பார்த்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. லிஃப்டில் என்ன இருக்கிறது? ஒரு மோட்டார், ஒரு உருளை, ஒரு இரும்புக் கயிறு. வின்ச்சில் என்ன இருக்கிறது? ஒரு மோட்டார், ஒரு உருளை, ஒரு இரும்புக் கயிறு. லிஃப்ட் நின்றுகொண்டு இழுக்கிறது, வின்ச் படுத்துக்கொண்டு இழுக்கிறது. வின்ச் என்பது படுத்திருக்கும் லிஃப்ட்! உங்கள் பட்டறையில் எத்தனை வாத்தியார் இருக்கிறார்களோ தெரியாது, இதை ஒருவராவது உனக்குச் சொல்லியிருப்பாரா? அத்தையிடம் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "எனக்கு இது தையல் மிஷின்ல நூல் சுத்தற பெரிய பாபின் மாதிரி இருக்கு" என்றாள். படிக்காத பேச்சு என்று விட்டுவிட்டேன்.

முதல் சோதனை அன்று மதியமே நடந்தது. பழைய ஸ்விட்சு, மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நேராக மோட்டாருக்கே மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஸ்டூல் மேல் பேட்டரி. மோட்டார் தலையில் மூன்று செம்பு முனைகள். ஒரு முனையில் தொட்டேன், ஒன்றுமில்லை. அடுத்ததில் தொட்டேன், ஒன்றுமில்லை. மோட்டார் தூங்குகிறது என்றேன். அத்தை உன் படத்தைத் துணி மேல் விரித்து, அளவு வெட்டும் காகிதத்தைப் பார்ப்பது மாதிரி விரலால் கோடு ஓட்டி, "இந்த ரெண்டு முனையையும் ஒரு சின்ன ஒயரால சேக்கணும்னு போட்டிருக்கா" என்றாள். அதைத்தான் நான் சொல்ல வாயெடுத்தேன். சேர்த்துத் தொட்டதும் எட்டு வருடத் தூக்கமும் ஒரே நொடியில் கலைந்து அது எடுத்தது பார் ஓட்டம்! மேசை அதிர்ந்தது, ஜன்னல் அதிர்ந்தது, எதிர்வீட்டு நாய் எழுந்து தெருமுனைக்குப் போய்விட்டது. அந்த ஆனந்தத்தில் நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. அத்தை ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு உடுப்பு தைக்கப் பிரித்து வைத்திருந்த வெள்ளைத் துணியின் ஓரம் உருளையில் மாட்டிக்கொண்டது. பன்னிரண்டு மீட்டர் துணியையும் கண் மூடித் திறப்பதற்குள் சுருட்டிக்கொண்டு, மேசை விரிப்பையும் சுருட்டிக்கொண்டு, இஞ்சு டேப்பையும் விழுங்கிவிட்டு, என் சட்டைக் கையைத் தேடிக்கொண்டிருந்தது. நான் ஒயரை எடுத்துவிட்டேன். அதாவது ஒயர் என் கையிலிருந்து விழுந்துவிட்டது.

துணியைப் பிரிக்க வேண்டுமானால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். இது சின்ன விஷயம். பேட்டரியில் கூட்டல் முனையையும் கழித்தல் முனையையும் மாற்றிப் போட்டால் தீர்ந்தது. போட்டேன். அதே பக்கம் சுற்றியது. சரி, அவசரத்தில் மாற்றாமலே போட்டுவிட்டோம் போல என்று மறுபடி மாற்றினேன். அதே பக்கம். நாலு தடவை மாற்றினேன், நாலு தடவையும் அதே பக்கம், துணி மட்டும் மேலும் இறுகியது. எந்தப் பக்கம் பிடித்துத் திருப்பினாலும் தான் பிடித்த பக்கமே போகும் இந்த மோட்டாருக்கு உன் அப்பாவின் குணம் என்று கண்டுபிடித்து, அதை அத்தையிடம் விளக்கினேன். "பேட்டரியை மாத்தினா இது திரும்பாதாம்," என்றாள் அவள். "அந்தச் சின்ன ஒயரை இந்த முனையிலிருந்து எடுத்து அந்த முனையில போடணும், கனத்த ஒயரை இங்க போடணும். ரெண்டு படம் தனித்தனியா போட்டு, கீழ எழுதியும் வெச்சிருக்கா பாருங்க." கண்ணாடி இல்லாததால் நான் அதைப் பார்க்கவில்லை. மாற்றிப் போட்டதும் துணி சமர்த்தாக வெளியே வந்தது, இஞ்சு டேப்பும் வந்தது, அளவுதான் இரண்டு விரல் கூடியிருக்கிறது. இதிலிருந்து மோட்டார் நல்ல மோட்டார், பழுதெல்லாம் ஒயரிலும் ஸ்விட்சிலும்தான் என்று சோதனை மூலம் நான் நிரூபித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒயரிங். பழைய ஒயர்களைத் தொட்டால் மேலுறை ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. அதைவிடக் கஷ்டம், எட்டு வருட அழுக்கில் சிவப்பு ஒயரும் கறுப்பு, மஞ்சள் ஒயரும் கறுப்பு. எது எங்கே போகிறது என்று தெரியாமல் கழற்றினால் பிறகு திருப்பிப் போட முடியாது. இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஒயரையும் கழற்றுவதற்கு முன்னால் அதன் இரண்டு முனையிலும் ஒரே நிறத்தில் தையல் நூல் கட்டிவிடுவது. சிவப்பு நூல், நீல நூல், ஆரஞ்சு நூல், அத்தையின் பெட்டியில் இல்லாத நிறமா? மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை அத்தை நாற்காலியில் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள், குறட்டை வேறு. நான் ஒருவனே உட்கார்ந்து, புது ஒயரை அளந்து வெட்டி, முனைகளுக்குச் செம்பு வளையம் அடித்து, நாலு ரிலேவையும் வரிசையாக வைத்து முடுக்கி, நூல் பார்த்து நூல் பார்த்துச் சேர்த்தேன். ஒரு ஒயர்கூடக் கோணலில்லை. சட்டைக்குப் பொத்தான் வைத்த மாதிரி இருந்தது. நானே என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் கையில் பிடித்து அழுத்துகிற ஸ்விட்சு ரப்பர் வெடித்து, உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருந்தது. அதை வேண்டுமானால் இரண்டு காலிங்பெல் பொத்தான் வைத்து மாற்றலாம் என்று அத்தை சொன்னாள். காலிங்பெல்லாம்! என் கைவசம் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு மறந்துவிட்டது. நான் ஓய்வுபெற்ற அன்று, பழைய லிஃப்டைக் கழற்றிய கையோடு, அதன் பித்தளைப் பொத்தான் பலகையை எனக்கு மரியாதையாகக் கொடுத்தார்களே, அது. வாரா வாரம் துடைத்து வைத்திருக்கிறேன். மேலே போகும் அம்பு, கீழே வரும் அம்பு, மணி, நிறுத்து என்று நாலு பொத்தான்களும், "ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது" என்ற எழுத்தும் உள்ள பலகை. மேல் அம்புக்கு இழுப்பதையும், கீழ் அம்புக்கு விடுவதையும் இணைத்தேன். மணிப் பொத்தானை ஜீப்பின் ஹாரனுக்குக் கொடுத்தேன். "நிறுத்து" பொத்தானுக்கு மட்டும் ஒயர் கொடுக்கவில்லை. விரலை எடுத்தால் தானாக நிற்கப் போகிறது, தனியாக நிறுத்துவானேன்? "என்னங்க, இந்தப் பொத்தான் அழுத்தினா உள்ளயே நின்னுக்குதே" என்று அத்தை கேட்டாள். "லிஃப்ட்டுப் பொத்தான் அப்படித்தான் இருக்கும், மாடி வந்ததும் வெளிய வரும்" என்று பொறுமையாகப் புரியவைத்தேன்.

புதன்கிழமை ஒரு சின்னத் தடங்கல். வின்ச் அழகாக இருக்கட்டும் என்று காலையில் எழுந்ததும் அதற்குத் தலையிலிருந்து கால் வரை வெள்ளி நிறப் பெயின்ட் அடித்தேன். பிறகு ஜீப்பில் ஏற்றி, பேட்டரி கொடுத்து, பொத்தானை அழுத்தினால் ரிலே மட்டும் "டக்" என்கிறது, மோட்டார் அசையவில்லை. டக், டக், டக். கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போகிறவன் மாதிரி. நான் ஒவ்வொரு ரிலேவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையோ பொழுது போகாமல் ஒரு பிளேடை எடுத்துவந்து, எர்த் ஒயர் உட்காரும் இடத்தில் என் புதுப் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, காலைலதான் அடிச்சேன்" என்று சத்தம் போட்டேன். "இரும்புல இரும்பு படணும்" என்று மட்டும் சொல்லி, போல்ட்டை மறுபடி முடுக்கினாள். அடுத்த தடவை அழுத்தினேன், வின்ச் ஓடியது. பெயின்ட் நன்றாகக் காய்ந்துவிட்டது என்பதுதான் காரணம். கயிற்றைச் சுற்றும்போதும் அவள் விடவில்லை. கனத்த கையுறை போட்டுக்கொண்டு, இழுத்துப் பிடித்து, வரிசைக்கு வரிசை நெருக்கமாகச் சுற்ற வைத்தாள். "பாபின்ல நூல் தொளதொளன்னு இருந்தா நடுவுல சிக்கும்" என்றாள். மறுபடியும் பாபின்! பேட்டரி முனையையும் என்னை இறுக்கவிடவில்லை. கையால் ஒரே இழுப்பில் கழற்றுகிற மாதிரி ஒரு பிடியைப் போட்டு வைத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் வீட்டில் சமாதானம் முக்கியம்.

இன்று காலை பத்து மணிக்கு இரும்புக்காரர் வந்தார். காதில் பென்சில், கையில் உன் அப்பா கொடுத்த பன். லாரி சின்ன லாரிதான். மேலே இரண்டு இரும்புக் கட்டில், உடைந்த சைக்கிள்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி. பின்புறம் கொட்டகையைப் பார்க்கிற மாதிரி முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். முற்றம் கொட்டகைப் பக்கம் கொஞ்சம் சரிவு என்று உனக்குத் தெரியும். அந்த லாரிக்கு ஹாண்ட்பிரேக் என்பது ஒரு செங்கல். அதை இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, மறுபடி ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பன்னைத் தின்ன ஆரம்பித்தார். "நீங்க வேடிக்கை காட்டி முடிங்க, நான் அப்புறம் ஏத்திக்கறேன்" என்றார். அந்தத் திமிரைப் பார்த்தாயா? கொக்கியை எதில் மாட்டுவது என்று பார்த்தேன். வேலி ஓரத்து மரம் ஒன்று இருந்தது. அப்போது என் மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை. மரம் எதற்கு, அந்த லாரியிலேயே மாட்டினால் என்ன? எந்த லாரி ஜீப்பை எடுத்துப்போக வந்ததோ, அதைப் பிடித்துக்கொண்டே ஜீப் எழுந்து நடக்கட்டும்! (அத்தை சற்று முன்னால் "மரம் இத்துப்போயிருக்கு, லாரி நல்ல கனமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்தான். ஆனால் பளிச்சிட்டது என் மூளையில்.) லாரியின் அடிச்சட்டத்தில் கொக்கி மாட்டினேன். கயிறு அறுந்தால் பாம்பு மாதிரி திரும்பி அடிக்கும் என்று அத்தை அதன் மேல் இரண்டு காலி மாவுச் சாக்கை நனைத்துப் போட்டு, எல்லாரையும் சுவர் ஓரம் ஒதுக்கினாள். உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உன் அம்மா எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாமல் வாசற்படியில் நின்றாள். நான் பித்தளைப் பலகையைக் கையில் பிடித்து, இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் "கதவு மூடுது, ஒதுங்கி நில்லுங்க" என்று குரல் கொடுத்து, மேல் அம்பை அழுத்தினேன்.

கயிறு விறைத்தது. ஜீப் முனகியது. முன்சக்கரம் அசையப் போகிறது என்று எல்லாரும் அதையே பார்த்தோம். அசையவில்லை. பின்னால் ஏதோ "கிறீச்" என்றது. சங்கிலி! நான் சங்கிலியை நினைத்த அதே நொடியில் அந்தப் பக்கம் செங்கல் "பொடக்" என்று பொடியானது. ஜீப் நின்ற இடத்தில் நின்றது, லாரி வர ஆரம்பித்தது. நான் விரலை எடுத்தேன். பொத்தான் வெளியே வரவில்லை. லிஃப்ட் பொத்தான் மாடி வந்தால்தான் வெளியே வரும். வின்ச்சுக்கு மாடி ஏது? "நிறுத்து" என்பதைப் பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன், அதற்கு ஒயர் இல்லை. பதற்றத்தில் மணியை அழுத்தினேன், ஜீப் ஹாரன் ஊரே கேட்கிற மாதிரி அலறியது, அந்தப் பொத்தானும் வெளியே வரவில்லை. லாரிக்குள் இருந்த இரும்புக்காரர் பன்னும் வாயுமாகப் பக்கத்துக் கண்ணாடியில் பார்க்கிறார், கண்ணாடியில் ஜீப் நிமிஷத்துக்கு நிமிஷம் பெரிதாகிறது, ஹாரன் வேறு அடிக்கிறது. "யோவ்! ஜீப்பு வருதுய்யா! என்மேல வருதுய்யா! யாராவது பிரேக்கைப் போடுங்கய்யா!" என்று கத்துகிறார். "உங்க லாரிக்குப் பிரேக்கு போடுங்க" என்று நான் கத்துகிறேன். "நான் ஏன்யா போடணும், நான் நின்னுட்டுத்தானே இருக்கேன்!" என்கிறார். லாரியின் முதுகு கொட்டகை வாசலில் அடுக்கியிருந்த மாவு மூட்டைகளில் மோதியது. மூன்று மூட்டை வெடித்து ஒரே வெண்புகை. அந்தப் புகைக்குள் "டொங்" என்று லாரியும் ஜீப்பின் பம்பரும் முத்தமிட்ட சத்தம். அதற்குள் நான் பாய்ந்து பேட்டரி முனையை ஒரே இழுப்பில் பிடுங்கிவிட்டேன். ஹாரனும் நின்றது, வின்ச்சும் நின்றது. மாவு மெதுவாகக் கீழே இறங்கியது. இறங்க இறங்க ஒவ்வொருவராகத் தெரிந்தோம், எல்லாரும் ஒரே நிறம்.

"ஜீப்பு ஒரு அடி நகரணும்னு சொன்னேன்," என்றது உன் அப்பா நின்ற இடத்தில் நின்ற வெள்ளை உருவம். "நகர்ந்தது லாரி."

அங்கேதான் என் அனுபவம் பேசியது. "மச்சான், லிஃப்ட்டுல நிக்கறவன் லிஃப்ட்டு நகருதுன்னா சொல்றான்? மாடி வந்துடுச்சுன்னுதான் சொல்றான். எது நகர்ந்துச்சுன்னு வெளிய நின்னு சொல்லக் கூடாது, உள்ள உக்காந்திருந்தவரைக் கேளுங்க."

இரும்புக்காரர் லாரியிலிருந்து இறங்கி, கண்ணிமையிலிருந்து மாவைத் தட்டி, "சத்தியமா ஜீப்புதாங்க வந்துச்சு," என்றார். "என் ரெண்டு கண்ணால கண்ணாடில பாத்தேன். ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்துச்சு."

உன் அப்பா ஜீப் பக்கம் வந்து, விறைத்து நின்ற கயிற்றைப் பிசைந்த மாவு பதமாகிவிட்டதா என்று பார்க்கிற மாதிரி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குனிந்து ரிலேப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சிவப்பு முடிச்சு, நீல முடிச்சு, ஆரஞ்சு முடிச்சு. "இதெல்லாம் யாரு மாட்டினது?" என்றார். "நான்தான்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்தார். "படம் யாரு போட்டது?" அத்தை சொன்னாள், "உங்க பொண்ணு." அவர் பானெட்டின் மேல் கிடந்த மாவைத் தன் கையால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை துடைத்தார். உன் அப்பா மாவை வீணாக்கமாட்டார் என்பது தெரியும். ஆனால் அது மாவுக்காகத் துடைத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

சரி, இரண்டையும் பிரிக்கலாம் என்று போனால் பிரிய மறுக்கிறது. பேட்டரியை மறுபடி மாட்டி, மாட்டிக்கொண்ட பொத்தான்களை நெம்பி வெளியே எடுத்துவிட்டு, கீழ் அம்பை அழுத்தினால் "டக்" சத்தம்கூட இல்லை. கயிற்றைத் தளர விடுகிற நெம்புகோலோ அவ்வளவு இழுவையில் அசைய மாட்டேன் என்கிறது. கொக்கி லாரியின் அடியில் இறுகிக் கிடக்கிறது. சங்கிலியை அவிழ்த்தால் கொஞ்சம் தளருமே என்று சாவி கேட்டால், அத்தை சாவி எங்கே வைத்தேனோ தெரியவில்லை என்கிறாள். ஆக, உன் ஜீப்பை எடுத்துப்போக வந்த லாரியை உன் ஜீப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. இரும்புக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். உன் அப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் சொன்னார்: "சனிக்கிழமை அவ வரட்டும். யாரும் தொட வேணாம், முக்கியமா லிஃப்ட்டுக்காரர். அவ கையால இதைப் பிரிச்சுட்டான்னா வண்டியும் அவளுது, கொட்டகையும் அவளுது, அவ தொழிலைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பிரிக்க முடியலைன்னா ரெண்டையும் சேத்து இரும்புக்காரரே எடுத்துக்கட்டும்."

"அதுல ஒண்ணு என்னோடதுங்க," என்றார் இரும்புக்காரர்.

இதுதான் நிலவரம். இழுக்கும் வரை நன்றாக இருந்த வின்ச், விடுகிற பக்கத்து ரிலேவை அந்தப் போராட்டத்தில் பறிகொடுத்துவிட்டது என்பது என் முடிவு. ஆகவே வரும்போது இஞ்சினோடு ஒரு புது ரிலேவும் வாங்கிக்கொண்டு வா. கிடைக்காவிட்டால் எனக்குச் சொல், நான் ஏதாவது யோசிக்கிறேன். பயப்படாதே. உன் மாமன் கையால் ஒயரிங் செய்த வின்ச், ஏமாற்றாது. நீ போகிற மாடியெல்லாம் உன் முன்னால் கதவு திறந்து நிற்கட்டும். நடுவில் எங்கும் மாட்டிக்கொள்ளாமல் இரு. மாட்டிக்கொண்டாலும் பேச்சுத் துணைக்கு நல்ல மனிதர்கள் அமையட்டும். அத்தையின் ஆசியும், உன் அம்மாவின் முத்தமும், வெளியில் சொல்லாவிட்டாலும் உன் அப்பாவின் எதிர்பார்ப்பும் இத்துடன் வருகின்றன.

இப்படிக்கு,
உன்னை எந்நாளும் மேலேயே ஏற்றிப் பார்க்கும்
மாமன்

பின்குறிப்பு: ரிலே வாங்க வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் அத்தை வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். அப்புறம் தையல் பெட்டியைத் திறந்து, ஒரு விரல் நீள ஒயரை எடுத்து என் முன்னால் வைத்தாள். இரண்டு முனையிலும் நீல நூல். கீழ் அம்புக்கும் ரிலேவுக்கும் நடுவில் ரிலேப் பெட்டிக்குள் இருந்த இணைப்பு ஒயர் அதுதான். உன் அப்பா பெட்டியைப் பார்த்துவிட்டு நகர்ந்த பிறகு, நாங்கள் எல்லாரும் மாவைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் அதைக் கழற்றி இடுப்பில் செருகியிருக்கிறாள். பக்கத்திலேயே சங்கிலிச் சாவியும் இருந்தது. "ஏம்மா இப்படிப் பண்ணுன?" என்றேன். "லாரி கிளம்புச்சுன்னா ஜீப்பையும் ஏத்திக்கிட்டுத்தாங்க கிளம்பும். லாரியே கிளம்பலைன்னா?" என்றாள். "நீ சொல்றதுதான் சரி" என்றேன். இந்த வீட்டில் அது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும். ஒயரை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன், எங்கே மாட்ட வேண்டும் என்பது உனக்குத் தெரியுமாம். உன் அப்பா பார்க்கிற மாதிரி நின்று, நிதானமாக மாட்டு.

இன்னொன்று. ரிலேப் பெட்டியைத் திறந்ததும் அந்த முடிச்சுகள் யார் கை முடிச்சு என்று நீ கண்டுபிடித்துவிடுவாய். அதனால் மேலே ஒயரிங் பற்றி எழுதிய இடங்களில் "நான்" என்று வருவதையெல்லாம் "அத்தை" என்றும், செவ்வாய்க்கிழமை மதியம் "அத்தை" தூங்கியதை "நான்" என்றும் மாற்றிப் படித்துக்கொள். பேட்டரி முனையைப் பிடுங்கியதும் அவள்தான். நான் அப்போது மேசைக்கடியில், இல்லை, மேசை அங்கே ஏது, மூட்டைக்குப் பின்னால் இருந்தேன். கடிதத்தைத் திரும்ப எழுத நேரமில்லை, கூரியர்காரர் வாசலில் நிற்கிறார். ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தியது நான்தான். அதை மட்டும் மாற்றிவிடாதே.